குன்னூர் டோப்போஷீட் 58 ஏ/15: போட்டித் தேர்வுக்கு எவ்வளவு உதவும்?

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போஷீட்டுகளில் (நிலத்தின் உயரம் காட்டும் விரிவான வரைபடத் தாள்கள், 1 செ.மீ. = 500 மீ.) 58 ஏ/15 தாளை எடுத்தால் மேட்டுப்பாளையம், கல்லாறு, குன்னூர், கோத்தகிரி நான்கும் அதில் அடங்கிவிடும். சமவெளியில் 300 மீட்டர் சொச்சத்தில் தொடங்கும் நிலம் மேற்கு ஓரத்தில் 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. நீலகிரியில் இருந்துகொண்டு யுபிஎஸ்சிக்கோ குரூப் 1-க்கோ புவியியல் படிக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான துணைக்கருவி இல்லை. இந்தியா முழுவதையும் ஒரே பக்கத்தில் காட்டும் பள்ளி அட்லஸில் நீலகிரி ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது. அதைப் பார்த்து 'மழை மறைவுப் பகுதி' என்று மனப்பாடம் செய்யலாம். ஏன் மறைவு என்பது விளங்காது.

விலை கிடையாது. துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் பொதுப் பயன்பாட்டுத் தாள்களை பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம். 58 ஏ/15 என்பது பழைய எண், புதிய வரிசையில் எண் சி43 என்று தொடங்கும். சி என்பது 8° முதல் 12° வரையுள்ள வட அட்சப் பட்டை, 43 என்பது 72° முதல் 78° வரையுள்ள கிழக்குத் தீர்க்க மண்டலம். எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வதே ஒரு பாடம்தான்.

சிக்கல் அச்சில்தான் ஆரம்பிக்கிறது. 15 கலைக்கு 15 கலை (60 கலை ஒரு பாகை) பரப்பு என்பதால் படம் மட்டுமே ஏறக்குறைய 55 செ.மீ. நீளமும் அகலமும் வரும். ஜெராக்ஸ் கடையில் ஏ3-இல் சுருக்கி எடுத்தால் சம உயரக்கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்புத் திட்டாகிவிடும், 1:50,000 என்ற அளவையும் பொய்யாகிவிடும். கட்டட பிளான் அச்சிடும் கடையில் ஏ1 தாளில், 'ஃபிட் டு பேஜ்' போடாமல், 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கையில் வாங்கியதும் கீழே உள்ள அளவுகோலில் ஸ்கேலை வையுங்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக 2 செ.மீ. இருக்க வேண்டும், குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃப்ளெக்ஸ் மலிவு என்று போகாதீர்கள், நுண்கோடுகள் நிற்காது. மலையில் ஆடி மாதத்து ஈரத்துக்குத் தாள் நமத்து, இங்க்ஜெட் மை கலங்கிவிடும். லேமினேஷன் போட்டுவிட்டால் அழிக்கக்கூடிய மார்க்கரால் மேலேயே வரைந்து பழகலாம்.

இனி, இந்தத் தாளை எதற்காகப் பாராட்டுகிறோம் என்பது. அடுத்தடுத்த சம உயரக்கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மீட்டர், ஒவ்வொரு ஐந்தாவது கோடும் தடிமனாக இருக்கும். ஆகவே தடித்த கோட்டிலிருந்து அடுத்த தடித்த கோடு 100 மீட்டர். கல்லாறு–குன்னூர் பல்சக்கர ரயில்பாதையை விரலால் தொடருங்கள். அதன் உச்சச் சரிவு 12-க்கு 1. 20 மீட்டர் ஏற 240 மீட்டர் ஓட வேண்டும், தாளில் 4.8 மி.மீ. பாதை எந்த இடத்திலும் இதைவிட நெருக்கமாகக் கோடுகளைக் கடக்க முடியாது. ஆனால் பக்கத்துச் சரிவில் அதே 4.8 மி.மீ.க்குள் பல கோடுகள் நெருக்கியடித்துக் கிடக்கும். பாதை ஏன் குன்னூர் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது, ஏன் அத்தனை பாலமும் குகையும் தேவைப்பட்டன என்பதற்கு வேறு விளக்கவுரை வேண்டாம்.

அடுத்த பயிற்சி குறுக்குவெட்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து தொட்டபெட்டாவுக்கு (2,637 மீ.) ஒரு நேர்கோடு, சுமார் 25 கி.மீ. தொட்டபெட்டா பக்கத்துத் தாளான 58 ஏ/11-இல் இருப்பதால் இரண்டையும் ஓரம் வெட்டி ஒட்ட வேண்டும். கிராஃப் தாளின் விளிம்பைக் கோட்டில் பொருத்தி, தடித்த கோடுகளை மட்டும் குறியுங்கள். செங்குத்தில் 1 செ.மீ.க்கு 200 மீட்டர் எடுத்தால் உயரம் 2.5 மடங்கு மிகைப்படும், படம் 50 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரத்தில் அடங்கும். செங்குத்தான கிழக்குச் சரிவும் அதற்கு மேலே பீடபூமியும் வரைந்த கையோடு பிடிபடும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கே உள்ள கூடலூர் பக்கமே கொட்டித் தீர்க்க, கிழக்கு நோக்கிய குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருப்பது ஏன் என்றும், 2009 நவம்பரில் நிலச்சரிவுகள் இந்தப் பக்கத்தைத் தாக்கியது ஏன் என்றும் காரணத்தோடு எழுத வரும்.

மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம், பள்ளத்தாக்கும் மலைமுகடும். இரண்டிலும் கோடு 'வி' போல் வளையும். முனை உயர எண் கூடும் திசையைக் காட்டினால் பள்ளத்தாக்கு, குறையும் திசையைக் காட்டினால் முகடு. எண்ணைப் பார்க்காமல் வடிவத்தை மட்டும் பார்த்தால் தவறு நிச்சயம். மலைச்சாலைத் தூரத்தை ஸ்கேலால் அளக்காதீர்கள். நூல் வைத்து அளந்தாலும் கொண்டையூசி வளைவுகளில் சற்றுக் குறைவாகத்தான் வரும்.

குறைகளும் உண்டு. பச்சை நிறம் காடு என்று மட்டுமே சொல்லும். சோலைக்காடா, தைலமரமா, சீகை மரமா என்று நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. புல்வெளி–சோலை பற்றி எழுத இதை மட்டும் நம்பக் கூடாது. நில அளவை செய்த ஆண்டு ஓரத்தில் அச்சிட்டிருக்கும், அதற்குப் பின் வந்த சாலையும் குடியிருப்பும் படத்தில் இருக்காது. சார்னோகைட் பாறை, மண் வகை, மழையளவு இவற்றுக்கெல்லாம் வேறு படங்களைத்தான் தேட வேண்டும்.

யாருக்கு வேண்டாம்? முதல்நிலைத் தேர்வுக்கு ஒரு மாதமே இருப்பவர்கள் தொட வேண்டாம், கொள்குறி வினாக்களுக்கு உழைப்புக்கேற்ற மதிப்பெண் கிடைக்காது. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் புவியியலை விருப்பப்பாடமாக எடுத்தவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். இரண்டாம் வினாத்தாளில் இந்திய வரைபடத்தில் 10 இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றின் முக்கியத்துவத்தையும் 30 சொல்லுக்குள் எழுத 20 மதிப்பெண். இடத்தைக் குறிக்க அட்லஸ் போதும், 30 சொல்லை நிரப்பும் பழக்கம் இப்படிப்பட்ட தாளில்தான் வளரும்.

பழனி மலைப் பக்கம் இருப்பவர்கள் கொடைக்கானலுக்கு 58 எஃப்/8 எடுக்கவும். நகரம் தாளின் வடகிழக்கு மூலையில் விழுவதால் அக்கம்பக்கத்துத் தாள்களையும் சேர்த்தே இறக்கிக்கொள்ளுங்கள்.