கிரியோவா, தாசோவா, லெகிமா? ஹைதி கடைச் சாப்பாடு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் மயாமியில், ஹைதிக்காரர்கள் வாழும் லிட்டில் ஹைதி பக்கம் சின்ன சாப்பாட்டுக் கடை ஒன்றில் நுழைந்தால் மெனு அட்டையைத் தேட வேண்டியதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கும் தட்டுகள், மேலே ஒரு பலகை, முன்னால் வரிசை. நம் முறை வந்ததும் கேள்விகள் சடசடவென்று வரும்: என்ன கறி, எந்தச் சோறு, பிக்லீஸ் என்கிற காய்கறி ஊறுகாய் வேண்டுமா. பின்னால் நிற்பவர் மதிய இடைவேளையில் ஓடிவந்தவர். நாம் அங்கே நின்று யோசித்தால் அவர் முகம் மாறும். யோசிப்பதை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போவது எல்லோருக்கும் நல்லது.

முதல் போட்டி, எல்லோரும் பேசுகிற போட்டி: கிரியோவா, தாசோவா?

கிரியோ என்பது பன்றிக்கறி. தோள்பட்டைக் கறியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, புளிப்பு ஆரஞ்சுச் சாறும் எபீஸும் சேர்த்து ஊறவைக்கிறார்கள். இந்த எபீஸ் இல்லாமல் ஹைதி அடுப்பில் எதுவும் ஏறாது. வெங்காயத்தாள், பார்ஸ்லி, தைம், பூண்டு, குடைமிளகாய், ஒரு காரமிளகாய், சில சமயம் நாலைந்து கிராம்பு, எல்லாம் சேர்த்து அரைத்த பச்சை விழுது அது. ஊறிய கறியை முதலில் அந்தச் சாற்றிலேயே மெத்தென்று வேகவிட்டு, கடைசியில்தான் எண்ணெயில் போடுவார்கள். சரியாக வந்த கிரியோவை முள்கரண்டியால் அழுத்தினால் மேலோடு மொறுக்கென்று விரியும், உள்ளே நார் நாராகப் பிரியும். ஓரத்துக் கொழுப்பு பழுப்பேறி லேசாக இனிக்கும். புளிப்பும் கிராம்பு வாசனையும் அதற்கப்புறம்தான் தெரியவரும்.

தாசோவுக்கும் செய்முறை ஏறக்குறைய அதேதான், கறிதான் வேறு. மாட்டிலும் செய்வார்கள், ஆட்டிலும் செய்வார்கள். ஆடு வேண்டுமென்றால் ‘தாசோ கப்ரிட்’ என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள். துண்டுகள் சின்னவை, பல கடைகளில் எலும்போடு வரும், கொழுப்பு குறைவு. அதனால் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் அதற்கு ஈடே கிடையாது. கறியின் ருசி கிரியோவைவிட ஆழமாக இருக்கும். ஆனால் அரைமணி நேரம் விளக்குச் சூட்டில் கிடந்தால் இறுகிவிடும். தாடைக்கு வேலைதான். கிரியோவில் உள்ள கொழுப்பு அதைக் காப்பாற்றுகிறது. ஒரு மணி நேரம் கழித்துப் போனாலும் சாப்பிடும்படியாக இருக்கும்.

என் கணக்கு இதுதான்: மதியக் கூட்டம் நெரிகிற நேரத்தில், தட்டு காலியாகிப் புதுத் தட்டு வருவதைக் கண்ணால் பார்த்தால், தாசோ. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தாசோ கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். அந்த நேரத்தில் கிரியோதான். பன்றி சாப்பிடாதவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. ஆனால் ஒரே எண்ணெயில்தான் இரண்டையும் பொரிக்கிறார்களா என்று கேட்டுவிடுவது உத்தமம்.

கிரியோவைப் பற்றிப் பேசும்போது ஹைதியின் பன்றிக் கதையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அந்த ஊர்க் கறுப்புப் பன்றி கிடைத்ததைத் தின்று வளரும். விவசாயி வீட்டுச் சேமிப்பே அதுதான். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கல்யாணம், சாவு, எதுவானாலும் ஒரு பன்றியை விற்பார்கள். 1970களின் கடைசியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அந்தத் தீவுக்கு வந்தது. நோய் தங்கள் பண்ணைகளுக்கும் பரவிவிடுமோ என்று பயந்த அமெரிக்கா முன்னின்று பணம் போட, 1980களின் தொடக்கத்தில் ஹைதியின் ஊர்ப்பன்றிகளை ஏறக்குறைய ஒன்று விடாமல் கொன்றார்கள். பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளைப் பன்றிகளுக்குத் தனித் தீவனம் வேண்டும், நல்ல கொட்டில் வேண்டும். வளர்க்கிறவர் வீட்டிலேயே அது இல்லை. மயாமியில் நம் தட்டுக்கு வருவது எப்படியும் அமெரிக்கப் பண்ணைப் பன்றிதான். ஆனால் அந்தப் பழைய பன்றியின் ருசியைப் பற்றி வயதான ஹைதிக்காரர் ஒருவரிடம் வாயைக் கொடுத்தால் உங்கள் சாப்பாடு ஆறிவிடும்.

இரண்டில் எதை வாங்கினாலும் கூட வருவது பனான் பெசேயும் பிக்லீஸும். பனான் பெசே என்றால் வாழைக்காயைச் சாய்வாக வெட்டிப் பொரித்து, தட்டையாக அழுத்தி, உப்புத் தண்ணீரில் முக்கி, மறுபடி பொரித்தது. சூடாக இருக்கும்போது அருமை, ஆறினால் அட்டை. பிக்லீஸ் என்பது முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், ஸ்காட்ச் பானெட் மிளகாய் எல்லாவற்றையும் வினிகரில் ஊறப்போட்டது. நம் ஆட்கள் “காரமெல்லாம் நமக்கு ஒரு பொருட்டா?” என்று ஒரு பெரிய கரண்டி அள்ளுவார்கள். அந்த மிளகாயின் காரம் நாக்கில் நிற்காது, காதுவரை போகும். அதற்கு முன்னால் வினிகர் தொண்டையில் ஒரு தட்டு தட்டும். கொஞ்சம் எடுத்து, கறியோடு சேர்த்துக் கடித்தால்தான் அதன் வேலை புரியும்: கொழுப்பை வெட்டுவது. சில கடைகளில் ‘சோஸ் டி மாலிஸ்’ என்று வெங்காயமும் எலுமிச்சையும் போட்ட சுடச்சுடக் காரச் சாறும் கிடைக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பிக்லீஸ் பக்கம். மொறுமொறுப்பு அதில்தான் இருக்கிறது.

இனி சோறு. கறியைப் பற்றி அவ்வளவு யோசிப்பவர்கள் சோற்றைக் கேட்டதும் ‘ஏதோ ஒன்று போடுங்கள்’ என்றுவிடுகிறார்கள். அங்கேதான் தட்டு கெடுகிறது.

திரி கோலே என்பது சிவப்பு பீன்ஸோடு சேர்த்தே வடித்த சோறு. பீன்ஸ் வெந்த தண்ணீரிலேயே அரிசி வேகும். அதனால் நிறமும் மண் வாசனையும் சோற்றுக்கு வந்துவிடும். சிலர் தேங்காய்ப்பால் சேர்ப்பார்கள். இது தனியாகவே நிற்கும் சோறு. பொரித்த கறிக்கு இதுதான் ஜோடி, ஏனென்றால் குழம்பு தேவையில்லை.

திரி ஜோன்ஜோன் கறுப்புச் சோறு. வட ஹைதியில் விளையும் ஒரு சின்னக் காளானை உலர்த்தி வைத்திருப்பார்கள். அதை வெந்நீரில் ஊறவைத்தால் தண்ணீர் கன்னங்கரேலென்று ஆகும். காளானைப் பிழிந்து எறிந்துவிட்டு அந்தத் தண்ணீரில் சோறு வடிப்பார்கள். பச்சைப் பட்டாணியோ லைமா பீன்ஸோ சேரும். கல்யாணம், ஞானஸ்நானம் மாதிரி விசேஷங்களில் போடுகிற சோறு. காளான் விலை அதிகம், அதனால் கடையில் இதற்குத் தனிக் காசு கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். கேட்கவே இல்லையென்றால்தான் சந்தேகப்பட வேண்டும்: ஜோன்ஜோன் ருசியில் மேகி சூப்புக் கட்டி விற்கிறார்கள், வேலையை அது சுலபமாக்கிவிடும். வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். அசல் காளானில் வடித்த சோற்றில் காட்டு வாசனை மெல்ல எழும்பும், கட்டிச் சோற்றில் உப்பு முந்திக்கொள்ளும். இதைக் கிரியோவோடு வாங்குவது பலருக்குப் பிடிக்கும். எனக்கு அது வீண் என்று தோன்றும். பொரித்த பன்றியின் சத்தத்தில் காளானின் குரல் கேட்காது.

மூன்றாவது, வெள்ளைச் சோறும் சோஸ் ப்வாவும். பீன்ஸை வேகவைத்து, மசித்து, எபீஸும் கிராம்பும் போட்டுக் கொதிக்கவிட்ட கெட்டிச் சாறு அது. பார்க்க ஒன்றுமில்லை. பலகையில் கடைசி வரியில் இருக்கும், சுற்றுலா வந்தவர் யாரும் கேட்க மாட்டார். ஆனால் அந்தக் கடையின் சமையல்காரர் எப்படிப்பட்டவர் என்று அறிய எனக்கு இது போதும். பொரிப்பதில் எண்ணெய் பாதிப் பழியை மறைத்துவிடும். சாற்றில் மறைக்க இடமில்லை. அடிப்பிடித்திருந்தால் தெரியும், கிராம்பு ஒன்று கூடினால் தெரியும், நேற்றைய மிச்சத்தில் தண்ணீர் ஊற்றியிருந்தால் நிச்சயம் தெரியும்.

அந்த வெள்ளை அரிசிக்கும் ஒரு கதை உண்டு. ஹைதியின் ஆர்டிபோனீட் பள்ளத்தாக்கில் நெல் விளைந்து, ஒரு காலத்தில் நாட்டுத் தேவையில் பெரும்பகுதி அங்கிருந்தே கிடைத்தது. 1990களின் நடுவில் இறக்குமதி அரிசி மீதான வரியை 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள். அமெரிக்க மானியத்தில் விளைந்த மலிவு அரிசி குவிந்தது, ஊர் நெல்லுக்கு விலை போகவில்லை. அந்தக் கொள்கையை ஹைதி மேல் திணித்தவர்களில் ஒருவரான பில் கிளின்டனே 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழு முன்னால், அது தன் சொந்த மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளுக்கு உதவியிருக்கலாம், ஹைதிக்கு உதவவில்லை, தவறு என்று ஒத்துக்கொண்டார். இறக்குமதி அரிசியை ஹைதியில் இன்றும் ‘மயாமி அரிசி’ என்கிறார்கள். ஆக மயாமியில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் சரி, ஹைதித் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸில் சாப்பிடும்போதும் சரி, பெரும்பாலும் ஒரே அரிசிதான்.

இப்படிச் சோறுகளை அடுக்கிப் பார்த்தால் உண்மையான போட்டி பன்றிக்கும் ஆட்டுக்கும் இடையே இல்லை என்பது விளங்கும். போட்டி பொரித்த தட்டுக்கும் சாற்றுத் தட்டுக்கும்தான். பொரித்த வகையறாவை மொத்தமாக ‘ஃப்ரிட்டாய்’ என்பார்கள்: கிரியோ, தாசோ, வாழைக்காய், மலாங்கா கிழங்கில் செய்த அக்ரா. சாயங்காலம் தெருவில் நின்று தின்கிற ரகம். சாற்றுத் தட்டு வீட்டுச் சாப்பாடு, அதன் ராஜா லெகிம்.

லெகிம் என்றால் கத்தரிக்காய், சௌசௌ, முட்டைக்கோஸ், கேரட், கீரை எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்து மசித்து, மாட்டுக்கறியோ நண்டோ சேர்த்து வற்றவிட்டது. நம் கூட்டில் தேங்காயை எடுத்துவிட்டு நண்டைப் போட்டால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வருவீர்கள். நண்டு போட்ட லெகிமில் ஓடு ஓடாகக் கிடக்கும். கையால் எடுத்து உறிஞ்சுவதை அங்கே யாரும் தப்பாகப் பார்ப்பதில்லை. வெள்ளைச் சோற்றின் மேல் சோஸ் ப்வா ஒரு கரண்டி, பக்கத்தில் லெகிம் ஒரு கரண்டி. சோறு பிசைந்து பழகிய கைக்கு இதற்கு மேல் வேறு விளக்கம் வேண்டாம். இதே குடும்பத்தில் லாலோ இருக்கிறது, சணல் கீரையைக் கறியோடு குழைத்தது. அதன் வழவழப்பு எல்லோருக்கும் ஒத்துவராது. வெண்டைக்காய் பிடிக்கும் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் தீர்ப்பு ஒரே வரி: சாறு. மூடிய டப்பாவுக்குள் பொரித்தது தன் ஆவியிலேயே நமுத்துப்போகும், வாழைக்காய் இருபது நிமிஷம் தாங்காது. லெகிமோ மறுநாள் சூடாக்கினால் இன்னும் சேர்ந்து வரும். கிரியோதான் வேண்டும் என்பவர்கள் காரிலேயே சாப்பிட்டுவிடுங்கள். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

மீன் பக்கம் போவதானால் பொரித்ததைவிட ‘க்ரோ செல்’, அதாவது கல்லுப்பும் எலுமிச்சையும் போட்டு மெல்ல வேகவிட்டது, எப்போதும் மேல். ஆனால் சின்னக் கடையில் அது தினமும் இருக்காது. கோழி சாறு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கோழிக்காக இவ்வளவு தூரம் வர வேண்டுமா?

சைவக்காரர்களுக்கு நிலைமை கொஞ்சம் சிக்கல். லெகிம் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ‘லெகிம் சான் வியான்’, கறியில்லாமல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், சில கடைகளில் இருக்கும். சோஸ் ப்வாவிலும் பன்றித்துண்டு ஒன்று ஒளிந்திருக்கலாம். எதுவும் ஒத்துவராவிட்டால் அக்ரா, வாழைக்காய், பிக்லீஸ் என்று ஒரு தட்டு நிறைத்துக்கொள்ளலாம், குறை சொல்ல முடியாது. இறைச்சிச் சாறு கலந்த சூப்புக் கட்டி சேர்க்கும் பழக்கம் பரவலாக இருப்பதால் சோற்றையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குடிக்க பிரெஸ்டீஜ் பியரா, கூரோன் சோடாவா என்றால், பல சின்னக் கடைகளில் பியர் உரிமம் இருக்காது; கேள்வி தானாகத் தீர்ந்துவிடும். கூரோன் பயங்கர இனிப்பு. பிக்லீஸுக்கு எதிரே அந்த இனிப்பு தேவைப்படும்.

ஞாயிற்றுக்கிழமை போனால் மேலே சொன்ன எதையும் யோசிக்காதீர்கள், சூப் ஜூமூ வாங்குங்கள். பூசணி மசித்த மஞ்சள் சூப்பில் மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மக்ரோனி எல்லாம் மிதக்கும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அடிமைகள் சமைக்கலாம், குடிக்கக் கூடாது என்றிருந்த சூப்பு இது என்பார்கள். 1804 ஜனவரி 1 அன்று ஹைதி விடுதலை அடைந்ததிலிருந்து ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வீடுதோறும் இதைத்தான் குடிக்கிறார்கள். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கடைகளில் ஞாயிறு காலைப் பலகாரமாகக் கிடைக்கும், கூட ரொட்டியும் தருவார்கள். சீக்கிரம் போய்விடுங்கள். நேரமானால் மக்ரோனி சூப்பைக் குடித்து உப்பியிருக்கும், கறித்துண்டுகளை முன்னால் வந்தவர்கள் வாங்கிப் போயிருப்பார்கள்.