மாரி முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்

வளவில் படர்ந்த அலங்காரச் செடியை வேரோடு அகற்றித் தருவதாக யாராவது உங்களிடம் வந்தால், முற்பணத்தைக் கையில் எடுக்கும் முன் இதனை வாசித்துவிடுங்கள். நான் இழந்தது 48,000 ரூபாய். என் வளவுக்குள் மட்டும் நின்ற செடி இப்போது பக்கத்து வளவுக்கும் போய்விட்டது என்பது அந்தப் பணத்தைவிடப் பெரிய கவலை.

எங்கள் வளவு மட்டக்களப்பில் நாவற்குடாப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் நிலத்தில் 20 பேர்ச்சஸ். தண்ணீர் ஊற்றாமலே பச்சையாக நிற்கும், மஞ்சள் பூவும் பூக்கும் என்று ஒருவர் தந்த நான்கு தண்டுகளை மதிலோரம் ஊன்றியவள் நானேதான். பூக்கன்று விற்பவர்கள் வெடேலியா என்று சொல்லும் அச்செடி நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு தொகுத்த பட்டியலில் நாயுண்ணியோடும் ஆற்றுவாழையோடும் இதுவும் இருக்கிறது என்பதை, அது வளவின் பாதியை மூடிய பின்னரே அறிந்தேன். அந்த ஆற்றுவாழையும் பூவின் அழகுக்காக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதே. சில ஆண்டுகளுக்குள், 1909இலேயே, அதனைத் தடுக்கத் தனியாக ஒரு கட்டளைச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

கடந்த புரட்டாதியில், தோட்டங்களைத் துப்புரவாக்கித் தருபவர் என்று அறிமுகமான ஒருவர் வந்து வளவைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு வேர் மிஞ்சாது அக்கா, மறுகா ஒரு தளிர் வந்தாலும் என்னைக் கேளுங்க" என்றார். கையால் பிடுங்குவீர்களா என்று கேட்டதற்கு, ஆள் வைத்துப் பிடுங்குவார்கள் என்று தலையாட்டினார். முற்பணம் 30,000 ரூபாய் கொடுத்தேன். பற்றுச்சீட்டு எதுவும் வாங்கவில்லை. அது என் பிழை.

மறுநாள் வந்தவை இரண்டு புல் வெட்டும் மெசின்கள். அரை நாளில் வளவு மொட்டையடித்ததுபோல் ஆயிற்று. வெட்டிய குப்பையை லேண்ட்மாஸ்டரில் ஏற்றிப் போனார்கள். ஏற்ற முடியாமல் மிஞ்சியதைப் பின்வேலிக்கு அப்பால், சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கும் வெறுவளவில் தள்ளியதை நான் இரண்டு மாதம் கழித்தே கண்டேன். பிறகு ஒருவர் சோடாப் போத்தலில் கொண்டுவந்த எதையோ தெளிகருவியில் கலந்து, கிணற்றுக் கட்டிலிருந்து பத்தடி தூரம்கூட இல்லாத இடம்வரை அடித்தார். என்ன மருந்து என்று கேட்டேன். "தேயிலைத் தோட்டத்துக்கு அடிக்கிறது அக்கா, பயப்படாதீங்க" என்பது பதில். போத்தலில் பெயரும் இல்லை, பதிவிலக்கமும் இல்லை. விற்பனைக்கு வரும் எந்தப் பீடைகொல்லியும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மேலே ஊற்றுவது எதுவாயினும் இலகுவாகக் கீழே இறங்கிவிடும் மணலில், பன்னிரண்டு அடியில் குடிதண்ணீர் எடுக்கும் நாங்கள் அந்தப் பதிலோடு திருப்திப்பட்டிருக்கவே கூடாது. ஒரு கிழமைக்குள் என் கறிவேப்பிலை மரம் கருகிற்று. அதன்பின் பல நாள் குடிப்பதற்குப் போத்தல் தண்ணீர் வாங்கினோம்.

ஆனால் செடியும் கருகிக் கிடந்ததால் நான் மீதி 18,000 ரூபாயையும் கொடுத்தேன். ஏமாற்றின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மழையில்லாத புரட்டாதி வெயிலில் எதை வெட்டிப் போட்டாலும் செத்ததுபோலத்தான் தெரியும். நமது பகுதியில் இவ்வேலை நடந்ததா இல்லையா என்பதை மாரிதான் சொல்லும், அதற்குள் அவர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார்.

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் மணலைக் கிளறியபோது, மெசின் வெட்டிப் போட்ட ஒரு அங்குலத் துண்டு ஒன்று கையில் வந்தது. இரண்டு பக்கமும் வெட்டுவாய் பழுப்பாகக் காய்ந்திருக்க, நடுவில் இருந்த ஒரே கணுவிலிருந்து அரிசிமணி போன்ற வெள்ளை வேர்கள் நான்கும், இரட்டைத் தளிர் ஒன்றும் புறப்பட்டிருந்தன. இச்செடி படர்வது பெரும்பாலும் விதையால் அன்று, கணுவால். நூறு தண்டை மெசின் ஆயிரம் துண்டாக்கி, வளவு முழுவதும் விசிறி நட்டுத் தந்திருந்தது.

தொலைபேசியில் கேட்டபோது, "அது மழைக்கு வாற புதுச்செடி, அதுக்கு வேற காசு" என்றார். மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். பற்றுச்சீட்டும் இல்லாமல், அவருடைய முழுப்பெயரும் தெரியாமல் என்னத்தை எழுதிக் கொடுப்பது? ஆகவே வேலைக்கு முன் தாளில் எழுதி வாங்குங்கள்: கையால் பிடுங்குவதா, குப்பை எங்கே போகும், மருந்தின் பெயர் என்ன, தை மாதம் வந்து பார்த்த பிறகே பாதிப் பணம் என்பவை அதில் இருக்கட்டும். எழுத மறுப்பவரைத் திருப்பி அனுப்புங்கள்.

கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் சொன்ன வழி செலவில்லாதது, சலிப்பூட்டுவது. மழைவிட்ட ஈர மணலில் ஓடுதண்டைப் பின்பற்றிக் கணுக்கணுவாகக் கிளப்ப வேண்டும். கிளப்பியதைப் பசளைக் குழியில் போடாமல் கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி, வெயிலில் அழுகவிட வேண்டும். வெறுமையான இடத்தைத் தென்னோலையால் தடிப்பாக மூடி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இதற்கிடையில் பக்கத்து வீட்டு அம்மா, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எண்ணி ஒரு பிடி கொண்டுபோகப் பார்த்தார். அந்த மூலிகையின் இலை ஒடுங்கி நீண்டது. இதன் இலையோ அகன்று, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். காட்டிக்கொடுத்த பிறகு அவரும் எங்களோடு உட்கார்ந்து பிடுங்கினார்.

சனிக்கிழமைதோறும் பிடுங்குகிறோம். கடந்த சனி என் வளவில் பதினொரு தளிர்கள்தாம் கிடைத்தன. பின்வேலிக்கு அப்பால் தள்ளிய குவியல் இப்போது ஒரு பாய் அகலத்துக்குப் பூத்து நிற்கிறது. சொந்தக்காரர் கனடாவிலிருந்து நேற்று அனுமதி சொல்லியிருக்கிறார். வருகிற சனி அங்கே தொடங்குகிறோம்.