செலினேட்டா, செலினைட்டா? கோதுமைக்கு ஒரு வழி, நெல்லுக்கு இன்னொரு வழி

மனிதருக்குச் சிறிதளவே தேவைப்படும் தாதுச்சத்து செலினியம். அது குறைந்த நிலத்தில் தானியத்தில் ஏற, பயிருக்கு உப்பாகக் கொடுப்பார்கள். அந்த உப்பின் இரு வடிவங்கள்தான் செலினேட், செலினைட். செலினியத்துக்கென்று பயிரின் வேரில் தனி வாசல் கிடையாது. கந்தகத்துக்கான வாசலில் செலினேட் புகுந்துவிடும். மணிச்சத்துக்கான (பாஸ்பரஸ்) வாசலில் செலினைட் புகும். நெல்லில் மட்டும் செலினைட்டுக்குக் கூடுதலாகச் சிலிக்கான் போகும் பாதையும் உண்டு.

உள்ளே போன பிறகு இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. செலினேட் பெரும்பாலும் உருமாறாமல் சைலம் (வேரிலிருந்து நீரை ஏற்றும் குழாய்) வழியே நேராக இலைக்கு ஏறும். அங்கே பசுங்கணிகத்தில் படிப்படியாக ஒடுக்கப்பட்டு, செலினோமெத்தியோனின் என்ற அமினோ அமிலமாகி, ஃபுளோயம் (இலையிலிருந்து உணவைக் கடத்தும் குழாய்) வழியே தானிய மணிக்குப் போகும். செலினைட்டோ வேருக்குள்ளேயே கரிமச் சேர்மமாக மாறி, பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். முள்ளங்கிக்கு அது லாபம். தானியப் பயிருக்கு நட்டம்தான்.

மண்ணையும் பார்க்க வேண்டும். காற்றோட்டமுள்ள, காரத்தன்மை கொண்ட கோதுமை நிலத்தில் செலினேட் கரைந்த நிலையில் இருப்பதால் வேருக்கு எளிதில் கிடைக்கும். ஆனால் கனமழையில் கீழே கசிந்து போய்விடும். செலினைட் கசியாது, இரும்பு ஆக்சைடுகளோடு ஒட்டிக்கொள்ளும். அமிலச் செம்மண்ணில் இந்தப் பிடி இன்னும் இறுகும். அதனால்தான் உரத்தின் வழியே செலினியம் கொடுக்க ஃபின்லாந்து 1984இல் முடிவெடுத்தபோது கலப்பு உரத்தில் சேர்த்தது சோடியம் செலினேட்டை. தானியப் பயிர் உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராம் செலினியம் என்று தொடங்கி, பிறகு அளவைப் பலமுறை திருத்தினார்கள்.

தண்ணீர் கட்டிய நெல் வயலில் இந்தக் கணக்கு எடுபடாது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் செலினேட் செலினைட்டாகும், பிறகு கரையாத தனிமச் செலினியமாகும். அடியுரமாகப் போட்டதில் பெரும்பகுதி வேருக்கு எட்டாது. ஆகவே நெல்லுக்கு இலைவழித் தெளிப்புதான் சரி. அதிலும் செலினேட்டையே எடுப்பது நல்லது.

எக்டேருக்கு 10 கிராம் செலினியம், அதாவது ஏக்கருக்கு 4 கிராம், பரவலாகப் பரிசோதிக்கப்பட்ட அளவு. தவறு நடப்பது உப்பை நிறுக்கும்போது. 4 கிராம் செலினியத்துக்கு நீரற்ற சோடியம் செலினேட் 9.6 கிராம் வேண்டும். பத்து நீர் மூலக்கூறுள்ள உப்பு என்றால் 18.7 கிராம், சோடியம் செலினைட் என்றால் 8.8 கிராம். புட்டியின் லேபிளைப் பார்க்காமல் நிறுத்தால் பாதி போகும், இல்லையென்றால் இரட்டிப்பாகும். உப்பை ஒரு லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டர் டேங்குக்கு 50 மில்லி வீதம் 20 டேங்க் அடித்தால் ஏக்கருக்கு 200 லிட்டர் சரியாக வரும். ஒட்டு திரவமும் சேர்க்க வேண்டும், மெழுகு பூசிய நெல் இலையில் வெறும் நீர் உருண்டோடிவிடும். உப்பு நஞ்சு: கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடக்கூடாது.

பொதிப் பருவத்திலிருந்து (கதிர் உறைக்குள் இருக்கும்போது) மணியில் பால் பிடிக்கும் பருவத்துக்குள், மாலையில் தெளிக்கலாம். தூர்கட்டும் பருவத்தில் அடித்தால் இலைப்பரப்பு போதாமல் பாதி மருந்து தண்ணீரில்தான் விழும். அளவு மிஞ்சினால் இலை வெளுக்கும், வளர்ச்சி குன்றும்: புரதத்தில் சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில், செலினியம் ஏறிய செலினோசிஸ்டீன் உட்கார்ந்துவிடுவதே காரணம்.

எல்லா நிலத்துக்கும் இது தேவையில்லை. மனிதருக்கு நாளுக்கு 55 மைக்ரோகிராம் போதும், 400ஐத் தாண்டினால் ஆபத்து. பஞ்சாபின் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பகுதிகளில் சில வயல்களில் செலினியம் ஏற்கெனவே மிகுதி. அங்கே விளைந்த தீவனத்தைத் தின்ற கால்நடைகளுக்குக் குளம்பு உதிர்ந்ததுண்டு. அங்கே ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) போடுகிறார்கள். அதிலுள்ள சல்பேட் கந்தக வாசலை அடைத்து நின்றால் செலினேட் நுழைவது குறையும்.

இதையே திருப்பிப் பார்த்தால் செலினியம் குறைந்த நிலத்துக்கும் பாடம் கிடைக்கிறது. அடியுரமாகச் செலினேட் இட்ட கோதுமை வயலில் கூடவே அம்மோனியம் சல்பேட்டையும் கொட்டினால், போட்ட காசு வேருக்கு வெளியே நின்றுவிடும். அங்கே தழைச்சத்துக்கு யூரியாவே மேல்.