ஹோம் டைரக்டரியில் ஜாவா ஓடும் என்று சொல்லி 12 மாதக் கட்டணத்தை வாங்கிக்கொண்டார்கள்

12 மாதக் கட்டணம். முன்பணமாக, ஒரே தவணையில் கட்டினேன். இன்றுவரை என்னுடைய ஒரு சர்வ்லெட்கூட (சர்வரில் ஓடும் ஜாவா நிரல்) ஓடவில்லை.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஒரே சர்வரைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் அது. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு ஹோம் டைரக்டரி, அதாவது சொந்தக் கோப்புறை, அதற்குள் இணையத்தளத்துக்கென ஒரு கோப்புறை. முகவரியில் அலைக்குறியும் (~) பயனர் பெயரும் போட்டால் தளம் திறக்கும்.

ஜேஎஸ்பி என்பது உள்ளே ஜாவா எழுதிய வலைப்பக்கம்; கிளாஸ் கோப்பு என்பது தொகுத்த ஜாவா நிரல்; வெப்-இன்ஃப் (WEB-INF) என்பது இணையச் செயலியின் கிளாஸ்களும் அமைப்புக் கோப்புகளும் இருக்கும் கோப்புறை. பணம் கட்டும் முன் அவர்களிடம் இரண்டு முறை கேட்டேன். "வெறும் ஜேஎஸ்பி பக்கங்கள் மட்டுமல்ல, நானே எழுதிய கிளாஸ் கோப்புகளும் இருக்கின்றன. வெப்-இன்ஃப் கோப்புறைக்குள் வைத்தால் சர்வர் எடுத்துக்கொள்ளுமா?" "தாராளமாக எடுத்துக்கொள்ளும், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்றார்கள். அதோடு விடவில்லை. ஒரு சோதனை ஜேஎஸ்பியை ஏற்றியும் காட்டினார்கள். தேதியும் நேரமும் திரையில் வந்தன. அதைப் பார்த்த பிறகுதான் பணத்தை அனுப்பினேன். ஜேஎஸ்பி ஓடுவது வேறு, என் கிளாஸ் ஏற்றப்படுவது வேறு என்பது அந்த நிமிடத்தில் எனக்கு உறைக்கவில்லை.

ஏற்றிய அன்றே சர்வ்லெட் முகவரி 404 (பக்கம் இல்லை) காட்டியது. என் கிளாஸை இறக்குமதி செய்யும் ஜேஎஸ்பி, அப்படியொரு வகையே இல்லை என்று தொகுப்புப் பிழையில் நின்றது.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் பதில்: பிரவுசர் கேஷை (சேமித்துவைத்த பழைய பக்கங்களை) அழியுங்கள். சர்வரில் வராத கிளாஸுக்கும் என் பிரவுசருக்கும் என்ன தொடர்பு? இரண்டாவது: எல்லாக் கோப்புகளுக்கும் 777 அனுமதி கொடுங்கள். அதே சர்வரில் இருக்கும் யார் வேண்டுமானாலும் என் கோப்புகளைத் திருத்தலாம் என்று அர்த்தம், மறுத்துவிட்டேன். மூன்றாவது: "உங்கள் நிரல் தவறு." அதே நிரல் என் கணினியில் டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் ஒழுங்காக ஓடுகிறது என்று பதிவுக் கோப்போடு அனுப்பினேன். நான்கு நாள் பதிலே இல்லை. ஐந்தாம் நாள், என்னைக் கேட்காமலே என் ஜார் (கிளாஸ்களைக் கட்டிவைத்த கோப்பு) ஒன்றை எடுத்துச் சர்வரின் பொது லிப் கோப்புறையில் போட்டிருந்தார்கள். கிளாஸ்களைத் தேடி ஏற்றும் பகுதிதான் கிளாஸ்லோடர். பொது கிளாஸ்லோடர் தாய், செயலியின் கிளாஸ்லோடர் பிள்ளை. பிள்ளை தாயிடம் கேட்கலாம். தாய் பிள்ளையின் கோப்புறைக்குள் பார்க்காது. என் ஜார் தேடிய மற்ற கிளாஸ்கள் எல்லாம் என் ஹோம் டைரக்டரியில் இருந்தன. விளைவு, புதிதாக ஒரு நோ-கிளாஸ்-டெஃப்-ஃபவுண்ட் (தேவையான கிளாஸ் கிடைக்கவில்லை) பிழை.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். மூன்று வரியில் ஒரு ஜேஎஸ்பி எழுதி, கான்டெக்ஸ்ட் பாதையையும் (முகவரியில் செயலியைக் குறிக்கும் பகுதி) செயலியின் வேர் கோப்புறையையும் அச்சிடச் சொன்னேன். பாதை வெறுமையாக வந்தது. வேர், எல்லாப் பயனர்களின் டைரக்டரிகளுக்கும் மேலே இருக்கும் கோப்புறை! அதாவது, என் இடம் தனிச் செயலியாகப் பதிவாகவே இல்லை. ஒரு பெரிய செயலிக்குள் ஒரு மூலை. வெப்-இன்ஃப் செயலியின் வேரில் இருந்தால்தான் டாம்கேட் அதற்குள் கிளாஸ் தேடும். எங்கோ உள்ளே கிடந்தால் அது சாதாரணக் கோப்புறை. ஜேஎஸ்பி மட்டும் எங்கிருந்தாலும் ஓடும். அவர்கள் எனக்குக் காட்டிய சோதனை அதுதான்.

டாம்கேட்டில் இதற்கென்றே யூசர்கான்ஃபிக் (UserConfig) என்ற லிசனர், அதாவது ஒரு துணை நிரல், இருக்கிறது. சர்வர் கிளம்பும்போது பயனர் ஒவ்வொருவரின் கோப்புறையையும் தனிக் கான்டெக்ஸ்டாக, அதாவது தனிச் செயலியாகப் பதிவு செய்யும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் 12 மாதக் கட்டணத்தை வாங்கியிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நிமிடம். வேரில் இருக்கும் வெப்-இன்ஃபைத்தான் சர்வர் வெளியாருக்குக் காட்டாமல் காக்கும். என்னுடையது வேரில் இல்லையே! தரவுத்தளக் கடவுச்சொல் இருந்த அமைப்புக் கோப்பின் முகவரியை பிரவுசரில் தட்டினேன். திறந்துகொண்டது. கடவுச்சொல் எழுத்துப் பிசகாமல் என் கண்முன். எத்தனை நாளாக யார் யார் பார்த்தார்களோ.

இதையெல்லாம் விளக்கிப் பணத்தைத் திரும்பக் கேட்டேன். "பணம் திருப்பித் தரும் 14 நாள் கெடு முடிந்துவிட்டது" என்று ஒற்றை வரி. அந்த 14 நாளையும் கேஷை அழி, அனுமதியை மாற்று என்று கரைத்தவர்கள் அவர்களேதான். மேற்கொண்டு எழுதினால் புகார் டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். 12 மாதக் கட்டணம் போனது போனதுதான்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ஜேஎஸ்பி ஓடுவதைப் பார்த்து நம்பாதீர்கள். உங்கள் சொந்தக் கிளாஸ் ஒன்றை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். கான்டெக்ஸ்ட் பாதையில் உங்கள் பயனர் பெயர் வருகிறதா என்று பாருங்கள். ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டாதீர்கள். இப்படியொரு இடத்தில் ஏற்கெனவே செயலி வைத்திருந்தால் உங்கள் வெப்-இன்ஃப் முகவரியை இப்போதே பிரவுசரில் தட்டிப் பாருங்கள்; திறந்தால் முதலில் கோப்பை எடுத்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.