மூங்கில் கழியா, ரீலா? செம்பரம்பாக்கம் ஏரிக்கு எது சரி

தூண்டில் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது என்ன மீன் மாட்டும் என்றுதான். நான் முதலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். சென்னைக்குப் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிற்கும் முழு உயரம் 24 அடி. மதகு இருக்கும் கரைப்பக்கம் ஆழம், எதிர்ப்பக்கம் மேடு. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் மேட்டுப்பக்கத்துப் புல்லுக்குள்ளும் தண்ணீர் ஏறும். கோடையில் அது பின்வாங்கி, நடுவே சேறுதான் மிஞ்சும். 2019 கோடையிலோ ஏரியே வற்றிப்போனது.

தண்ணீர் காலடியில் நிற்கும் தை, மாசிக்கு மூங்கில் கழியே போதும். கழி நீளத்துக்கு நரம்பு (தூண்டில் நூல்), மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, துளி ஈயம், சின்ன முள் (கொக்கி), மண்புழு. அதிகம் போனால் இருநூறு ரூபாய். ஜிலேபி மீனுக்கு வாய் சின்னது, அதனால் பெரிய முள் வீண். தக்கை லேசாக நடுங்கி, பக்கவாட்டில் நகர ஆரம்பித்தால் பெரும்பாலும் ஜிலேபிதான். நகரும்போது சுண்டுங்கள், நடுங்கும்போது அல்ல. கெளுத்தி மாட்டினால் தூண்டில் முள்ளைக் கழற்றும்போது கவனம்: மீனின் மார்புத் துடுப்பில் இருக்கும் முள் குத்தினால் வெகுநேரம் கடுக்கும்.

ரீல் என்பது நரம்பைச் சுற்றி வைத்துத் தூரமாக வீச உதவும் உருளை. அதன் பெருமை எல்லாம் விராலிடம்தான். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். ஆகாயத்தாமரை ஓரத்தில் 'பொளக்' என்று சத்தம் கேட்டால், அதைத் தாண்டி ரப்பர் தவளையை வீசி, தத்தித் தத்தி இழுத்து வர வேண்டும். தவளையின் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால் செடியில் மாட்டாது. விரால் தவளையை அடித்ததும் இழுக்காதீர்கள், அது வாயை மூடட்டும். நரம்பு பின்னல் நரம்பாக இருக்கட்டும், செடிக்குள் புகுந்த விராலைச் சாதா நரம்பு வெளியே கொண்டுவராது. சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் கொதித்துக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் வீச வேண்டாம். காவலுக்கு நிற்கும் விரால் கோபத்தில் பாய்ந்து அடிக்கும், உண்மைதான். ஆனால் அதைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரை.

செலவு? உருப்படியான ரீல் செட் இரண்டாயிரத்துக்குக் கீழே எனக்குத் தென்பட்டதில்லை. புதிதாகப் பிடிக்கிறவர்களுக்கு முதல் சில நாள் நரம்புச் சிக்கல் எடுப்பதே வேலை. கட்லா, ரோகுவுக்கும் ரீல்தான், மாவு உருண்டையோடு. அதற்குப் பொறுமை வேண்டும், எனக்கு இல்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மூங்கில் கழி வாங்குங்கள். சித்திரை, வைகாசியில் தண்ணீர் தள்ளிப்போய், கழி எட்டாத தூரத்தில் மீன் துள்ளுவதைப் பார்த்த பிறகு ரீலைப் பற்றி யோசிக்கலாம்.

அப்புறம், இது குடிநீர் ஏரி. எங்கே தூண்டில் போட விடுவார்கள், மீன்பிடி உரிமை யாருக்கு என்று விசாரித்துவிட்டுக் கரையில் உட்காருங்கள். ஷட்டர் பக்கம் எந்தத் தூண்டிலோடும் போக வேண்டாம்.