பகிடிவதை தெரியவந்தால்: உள்முறைப்பாடா, பொலிஸா?

பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலோ பணியாற்றும் ஒருவர் முன், பகிடிவதையில் (ராகிங்) பட்ட காயத்தைச் சட்டைக் கையை இழுத்து மறைத்தபடி ஒரு முதலாம் வருட மாணவன் வந்து நின்றால், பல்கலைக்கழகத்துக்குள்ளேயே முறையிடுவதா (உள்முறைப்பாடு), பொலிஸுக்குப் போவதா என்ற தடுமாற்றம் எழுவது இயல்பு.

விரைவு: உள்முறைப்பாட்டில் அன்றிரவே விடுதி அறையை மாற்றிக் கொடுக்கலாம், பொலிஸில் வாக்குமூலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சான்று: உள்விசாரணை நீளும்போது காயம் ஆறிவிடும், வாட்ஸ்அப் செய்திகள் அழிக்கப்பட்டுவிடும்; பொலிஸில் முறையிட்டால் சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பரிசோதித்துப் பதிவு செய்வார், அந்தப் பதிவே பின்னர் வழக்கைத் தாங்கும் என்பதால் இவ்வேறுபாட்டையே நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன்.

விளைவு: பல்கலைக்கழகத்தால் வகுப்புத்தடை, நீக்கம் வரையே செல்ல முடியும், 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டமோ பகிடிவதைக்கு 2 ஆண்டுகள் வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நேர்ந்தால் 10 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனைக்கு இடமளிக்கிறது.

ஏச்சு, அவமதிப்பு என்ற அளவில் நின்று, மாணவனும் தன் பெயர் வெளிவர அஞ்சினால், முதலில் மாணவர் ஆலோசகரை நாடலாம். அடி, மிரட்டல், பாலியல் தொல்லை என்றால் தாமதமின்றிப் பொலிஸ் அவசர இலக்கமான 119ஐ அழைக்க வேண்டும். உள்முறைப்பாடு அதனுடன் சேர்ந்து செல்லட்டும், அதற்கு மாற்றாக அல்ல.