ஓஷவா ஜெனரல்ஸா, பீட்டர்பரோ பீட்ஸா?

கனடாவின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி வரலாற்றை ஏதாவது ஒரு அணி வழியாகப் படிக்கலாம் என்று இறங்குபவர்கள், ஒண்டாரியோவின் இந்த இரண்டு அணிகளிடம்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

தொடர்ச்சி
பீட்ஸ்: 1956 முதல் இடைவெளியே இல்லை.
ஜெனரல்ஸ்: 1937-இல் தொடக்கம். 1953-இல் அரங்கம் எரிந்து அணியே கலைந்தது. மீண்டு வந்தது 1962-இல்தான்.

மெமோரியல் கோப்பை (கனடா ஜூனியர் ஹாக்கியின் தேசியக் கோப்பை)
ஜெனரல்ஸ்: ஐந்து (1939, 1940, 1944, 1990, 2015).
பீட்ஸ்: 1979-இல் ஒன்றே ஒன்று. இதில் போட்டியே கிடையாது.

ஆட்கள்
ஜெனரல்ஸ்: பின்னாளில் ஹாக்கியின் பெரும் நட்சத்திரமான பாபி ஆர் (Bobby Orr), அப்போது 14 வயது. முதல் சீசனில் பயிற்சிக்கு வராமல், பாரி சவுண்ட் என்ற ஊரில் வீட்டிலேயே இருந்து, ஆட்டத்துக்கு மட்டும் பல மணி நேரம் காரில் வந்துபோன பையன்! பிறகு, தொழில்முறை ஆட்டத்திலும் பேர்பெற்ற எரிக் லிண்ட்ரோஸ், ஜான் டவாரெஸ்.
பீட்ஸ்: அதேபோல் பேர்பெற்ற ஸ்டீவ் ஐசர்மன், கிறிஸ் ப்ராங்கர். ஹாக்கியின் உச்ச நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கிகூட 15 வயதில் மூன்று ஆட்டம் ஆடினார். ஆனால் இவர்களின் உண்மையான சொத்து பயிற்சியாளர்கள்: ஸ்காட்டி போமன், ராஜர் நீல்சன்.

நட்சத்திரங்களும் கோப்பைகளும் வேண்டுமென்றால் ஜெனரல்ஸ். ஆட்டத்தின் மூளை எப்படி உருவாகிறது என்று பார்க்க பீட்ஸ். என் ஓட்டும் பீட்ஸுக்கே. டொராண்டோவிலிருந்து நேரில் போய்ப் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஓஷவாதான் பக்கம்.